கலைந்த எழுத்துகளில் ஒளிந்திருக்கும் சொற்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: க, ம், ர, த, ம ஆகிய ஐந்து எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதி, இவற்றிலிருந்து எத்தனை சொற்கள் கிடைக்கும் என்று ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் கேட்டேன். ஒரு மாணவி ‘தமர்’ என்று எழுதினாள். அதை ஏற்கலாமா? தேடுவதற்கு முறை ஏதும் உண்டா?
– ஆசிரியை ஒருவர், திண்டுக்கல்

பதில்: ‘தமர்’ உறவினரைக் குறிக்கும் நல்ல சொல், ஆனால் நீங்கள் கொடுத்தது ‘ர’, ‘ர்’ அன்று. உயிர்மெய்யைப் பிரிப்பது இலக்கணத்தில் சரியே என்றாலும், இவ்விளையாட்டில் எழுத்தைக் கொடுத்தபடியே கையாள வேண்டும். பிரிக்க இடம் தந்தால் அகம், அரம் என்று பட்டியல் எல்லையின்றி நீண்டுவிடும்.

மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்பதால் ‘ம்’மைக் கடைசியில் நிறுத்திவிட்டு, மற்றவற்றை அதன் முன்னே இரண்டிரண்டாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மரம், கரம், தரம், மதம், மகம், கதம் என வந்துகொண்டே இருக்கும். மூன்றாக வைத்தால் தகரமும் மகரமும் கிடைக்கும். ஐந்தும் சேர்ந்தால் மரகதம். ரதம், ரகம் ஆகியவை பிறமொழிகளிலிருந்து வந்து வழக்கில் நிலைத்தவை. அவற்றை ஏற்பதா என்பதை ஆட்டம் தொடங்குமுன் அறிவித்துவிடுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணக் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் ‘கமம்’ என்று எழுதினான், தவறென்று அடித்துவிட்டேன். பொருளையும் கேட்டிருக்க வேண்டுமோ?
– அதே ஆசிரியை

பதில்: கட்டாயம் கேட்டிருக்க வேண்டும். ஈழத்தில் கமம் என்றால் வேளாண்மை. உழவரைக் கமக்காரர் என்பார்கள். தொல்காப்பிய உரியியலோ இதே சொல்லுக்கு நிறைவு என்று பொருள் கூறுகிறது. அச்சிறுவனை அழைத்து, வகுப்பறிய மதிப்பெண் கொடுங்கள்.

பொருள் சொல்லாத சொல்லுக்கு மதிப்பெண் இல்லை என்பதையே விதியாக்கலாம் என்பது என் உறுதியான கருத்து; எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கினால் சொல் தற்செயலாகவும் அமைந்துவிடும், பொருள் அப்படி அமையாது. ‘தரம் என்றால் தரமாக இருப்பது’ என்ற விடையை ஏற்காதீர்கள். முதலில் அது எந்த இனத்தைச் சேர்ந்தது என்றும், பிறகு அந்த இனத்தில் அது எவ்வாறு வேறுபடுகிறது என்றும் சொல்லப் பழக்குங்கள்: மகம் ஒரு நட்சத்திரம், 27இல் 10ஆவது. ‘கதம்’ சினத்தைக் குறிக்கும்; 130ஆம் குறள் ‘கதங்காத்து’ என்றே தொடங்குகிறது. தகரம் உலோகம் மட்டுமன்று. பழைய இலக்கியத்தில் அது கூந்தலுக்குப் பூசும் நறுமணப் பொருள், தவிர ‘த’ என்னும் எழுத்தின் பெயரும்கூட.

எல்லோருக்கும் தெரிந்த ‘மரம்’தான் பொருள் சொல்லக் கடினமானது. பெரிய செடி என்று பிள்ளைகள் சொல்லக்கூடும். உள்ளே வயிரம், அதாவது கெட்டியான பகுதி, உடையது மரம், வெளியே வயிரம் உடையது புல் என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. அதன்படி தென்னையும் பனையும் புல்லாகும்! இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிச்சயம் வாதத்துக்கு வருவார்கள், தாராளமாக வாதிடட்டும்.

கேள்வி: இத்தகைய விளையாட்டு தமிழில் முன்பே இருந்ததா?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: இதற்கு நெருங்கிய உறவு ஒன்று, எழுத்துகளையும் சொற்களையும் கொண்டு வித்தை காட்டும் செய்யுள் வகையான சித்திரகவியில் உண்டு, அக்கரச்சுதகம் என்று பெயர். ஒரு சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்க, எஞ்சுவதும் பொருளுள்ள சொல்லாக நிற்க வேண்டும். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் காட்டும் கநகாரி, நகாரி, காரி என்ற வரிசையில், முதலாவது இரணியனின் பகைவனான நரசிம்மரையும், அடுத்தது மலையைப் பிளந்த முருகனையும், கடைசியது ஐயனாரையும் குறிக்கும். இதில் எழுத்துகள் குறையுமே ஒழிய இடம் மாறா. மேலே கண்ட தகரத்தில் ‘த’வை நீக்கினாலும் மகரத்தில் ‘ம’வை நீக்கினாலும் கரம் எஞ்சும், பிள்ளைகளுக்கு அங்கிருந்தே தொடங்கலாம்.