வாஷிங்டன் போட்ட சட்டம் இல்லை

கேள்வி: எங்கள் விசைப்படகுச் சங்கத்தில் ஒருவர் இரண்டு முறைக்கு மேல் தலைவராக இருக்கக் கூடாது என்று விதி கொண்டுவரப் பார்க்கிறோம். நல்லா செய்கிறவரை எதற்கு இறக்க வேண்டும் என்கிறார்கள் பெரியவர்கள். அமெரிக்காவில் வாஷிங்டனே இப்படிச் சட்டம் போட்டாராமே?
– ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: வாஷிங்டன் அப்படி எந்தச் சட்டமும் போடவில்லை, தம்பி. 1787-ல் பிலடெல்பியாவில் அரசியல் சாசனம் எழுதியவர்கள் ஜனாதிபதிக்கு ஏழு வருடம், ஒரே முறை என்றெல்லாம் வாதாடிவிட்டுக் கடைசியில் நான்கு வருடம், எத்தனை முறையும் நிற்கலாம் என்று விட்டுவிட்டார்கள். முதல் ஜனாதிபதி வாஷிங்டன் இரண்டு முறை இருந்துவிட்டு 1796-ல் போதும் என்று ஒதுங்கினார், அலுத்துப்போய் வீடு திரும்பும் ஆசைதான் அதில் அதிகம். அதைக் கொள்கையாக்கியவர் மூன்றாவது ஜனாதிபதி ஜெஃபர்சன். இன்னொரு முறை நில்லுங்கள் என்று வெர்மான்ட் சட்டமன்றம் கேட்டதற்கு 1807-ல் அவர் எழுதிய பதிலை உங்கள் பெரியவர்களுக்குச் சொல்லுங்கள்: பதவிக்கு ஒரு முடிவைச் சாசனமோ வழக்கமோ குறிக்காவிட்டால், பேருக்கு நான்கு வருடம் என்பது நடப்பில் ஆயுள் பதவியாகிவிடும், அது எவ்வளவு சுலபமாக வாரிசுச் சொத்தாகும் என்பதற்கு வரலாறே சாட்சி.

அந்த வழக்கம் 1940 வரை தாங்கியது. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மூன்றாவது, நான்காவது முறையும் ஜெயித்து 1945-ல் பதவியிலேயே இறந்த பிறகுதான் இரண்டு முறைக்கு மேல் கூடாது என்ற 22-ஆவது சாசனத் திருத்தம் வந்து, 1951-ல் சட்டமானது.

சரி, நல்லவரை ஏன் இறக்க வேண்டும்? அக்கரையைப் பாருங்கள். இலங்கையில் 1978 சாசனத்திலேயே இரண்டு முறை என்ற வரம்பு இருந்தது. போர் முடிந்த அடுத்த வருடம், 2010-ல், தெற்கில் மகிந்த ராஜபக்சவின் செல்வாக்கு உச்சத்தில் இருந்தபோது 18-ஆவது திருத்தத்தால் அதைத் தூக்கினார்கள். 2015-ல் மூன்றாம் முறை நின்று அவர் தோற்ற பிறகுதான் வரம்பு திரும்ப வந்தது. கொண்டாட்டத்தில் இருக்கும் கூட்டம் ஒருபோதும் கணக்குக் கேட்காது, அந்த நேரத்துக்காகத்தான் விதியை முன்கூட்டியே எழுதி வைப்பது.

எழுதும்போது மெக்சிகோவை மறக்காதீர்கள். மறுதேர்தலே கூடாது என்று 1876-ல் கலகம் செய்து ஆட்சிக்கு வந்தவர் போர்ஃபிரியோ தியாஸ். அவர் போட்ட தடை, அடுத்தடுத்து நிற்கக் கூடாது என்பதற்கு மட்டும். 1880-ல் தன் ஆள் மானுவேல் கொன்சாலஸை உட்காரவைத்தார், 1884-ல் தானே திரும்பி வந்தார், அப்புறம் அந்தத் தடையையும் நீக்கி, 1911-ல் புரட்சி வந்து விரட்டும்வரை நாற்காலியை விடவில்லை. அதனால் இடைவெளி விட்டு வந்தாலும் ஆயுளில் மொத்தம் இரண்டு முறைதான் என்று எழுதுங்கள். நடுவில் மச்சானை உட்காரவைக்கும் வழி அடைபடும்.

இப்போதைய தலைவர் முரண்டு பிடித்தால், 22-ஆவது திருத்தம் அப்போது பதவியில் இருந்த ட்ரூமனுக்கு விலக்குக் கொடுத்ததைப் போல, அவருக்குப் பின் வருகிறவரிலிருந்து விதி தொடங்கட்டும். பொதுக்குழுவில் அவரும் கை தூக்குவார்.