சுக்கினி குவிந்தால் என்ன சமைக்கலாம்?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் சுக்கினி (வெள்ளரி போலிருக்கும் பூசணி இனக் காய்) காய்த்துத் தள்ளுகிறது. கூட்டு நீர்த்துப் போகிறது, பொரியல் குழைகிறது. வேறு என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: இந்தக் காயில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். உப்புப் பட்டதும் அது வெளியே வந்துவிடும். அதனால் பொரியலுக்கு அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி, அகலமான வாணலியில், பெரிய தீயில், மூடாமல் 5 நிமிடம் வதக்குங்கள். உப்பும் தேங்காய்த் துருவலும் இறக்கும்போதுதான். கூட்டுக்குப் பாசிப்பருப்பைத் தனியே கெட்டியாக வேகவைத்து, காயைக் கடைசியில் சேருங்கள். குக்கரில் காயைப் போடவே வேண்டாம்!

கூடை கூடையாக இருந்தால் அடைதான் வழி. அரை கிலோ சுக்கினித் துருவலில் ஒரு டீஸ்பூன் உப்பைப் பிசறி, 15 நிமிடம் கழித்து நன்றாகப் பிழிந்து, அடை மாவில் கலக்குங்கள். பிழியாமல் போட்டால் அடை கல்லில் ஒட்டிப் பிய்ந்துவிடும். மாவுக்கு உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிழிந்த நீரில் சப்பாத்தி மாவு பிசையலாம். அதிலும் உப்பு இருப்பது நினைவிருக்கட்டும்.

பறிக்கத் தவறி முழங்கை நீளத்துக்குப் பெருத்த காயா? தோல் சீவி, நடுவிலுள்ள விதையையும் பஞ்சையும் வழித்தெடுத்துவிட்டு, வெண்பூசணிக்குப் பதிலாக மோர்க்குழம்பில் போடுங்கள்.

நறுக்கியதும் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கடுங்கசப்பாக இருந்தால் துப்பிவிட்டு, காயைக் குப்பையில் போடுங்கள். கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள் சமைத்தாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வரும்.