அழித்துப் போட்டாலும் போகாத பிளகின்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் சிறிய ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். முன்பு வேகாஸ் என்ற மென்பொருளில் வீடியோ எடிட் செய்தேன், இப்போது அதே கம்ப்யூட்டரில் டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளில். போன கிழமை நண்பர் ஒருவர் பென் டிரைவில் தந்த டைட்டில் பிளகின் (எடிட்டிங் மென்பொருளோடு சேர்க்கும் துணை மென்பொருள்) தொகுப்பைப் போட்டேன். அன்றிலிருந்து ரிசால்வ் பாதி திறந்து மூடிக்கொள்கிறது. ரிசால்வை அழித்துத் திரும்பப் போட்டும் அதே கதைதான். கலியாண வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை கனடா திரும்புகிறார்கள். விண்டோஸையே புதிதாகப் போடட்டுமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. ரிசால்வை எத்தனை தரம் அழித்தாலும் பிளகின் போகாது, ஏனென்றால் அது ரிசால்வுக்குள் இல்லை. ஓஎஃப்எக்ஸ் வகைப் பிளகின்களுக்கு (பல எடிட்டிங் மென்பொருள்களுக்கும் பொதுவான வகை இது) விண்டோஸில் ஒரு பொது இடம் உண்டு: சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் காமன் ஃபைல்ஸ், அதற்குள் ஓஎஃப்எக்ஸ், அதற்குள் பிளகின்ஸ். வேகாஸும் ரிசால்வும் அங்கேதான் தேடும். வேகாஸுக்கென்று எப்போதோ போட்டு மறந்ததும் நண்பர் தந்ததும் ரிசால்வ் திறக்கும்போது வரிசையாக ஏறுகின்றன, ஒன்று இடறினால் ரிசால்வும் சேர்ந்து விழுகிறது.

முதலில் விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸில் அப்ளிகேஷன் பகுதியில், ரிசால்வ் மூடிய நேரத்துக்குரிய சிவப்புக் குறியைப் பாருங்கள். 'ஃபால்டிங் மாட்யூல்' (பழுதான கோப்பு) என்ற வரியில் உள்ள பெயர் ஓஎஃப்எக்ஸ் என்று முடிந்தால் ஆள் அகப்பட்டார். கிராஃபிக்ஸ் டிரைவரின் பெயர் வந்தால் டிரைவரையும் புதுப்பித்துப் பாருங்கள், ஆனால் பிளகினைச் சந்தேகிப்பதை விட்டுவிடாதீர்கள், அதுவும் அதே கிராஃபிக்ஸ் கார்டைத்தான் பிடித்து இழுக்கிறது.

பெயர் தெரியாவிட்டால், அந்த ஃபோல்டரில் உள்ளவற்றை எல்லாம் டெஸ்க்டாப்பில் புதிய ஃபோல்டர் ஒன்றுக்கு நகர்த்துங்கள் (அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்கும், கொடுங்கள்). ரிசால்வ் திறக்கிறதா? அப்படியானால் பாதியைத் திரும்ப வையுங்கள். விழுந்தால் குற்றவாளி அந்தப் பாதியில்தான், அதையும் பாதியாக்குங்கள். பதினாறு பிளகின் இருந்தாலும் நாலு தரம் திறந்து பார்த்தால் போதும்.

சரி, இரண்டு பாதியும் தனித்தனியே ஒழுங்காகத் திறந்து, சேர்த்தால் மட்டும் விழுந்தால்? பலர் குழம்புவது இங்கேதான். அப்போது பழுது ஒன்றில் இல்லை, இரண்டுக்கும் இடையிலான சண்டை. ஒரே பெயரில், வேறு வேறு பதிப்பில், இரண்டும் ஒரு டிஎல்எல் கோப்பை (மென்பொருள் இயங்கும்போது எடுத்துப் பயன்படுத்தும் துணைக் கோப்பு) கொண்டுவந்திருக்கலாம். முதலில் ஏறியது இடத்தைப் பிடித்துக்கொள்ள மற்றது தனக்குத் தேவையானது கிடைக்காமல் தடுமாறும். ஒரு பாதியை அப்படியே விட்டு மற்றதிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். அகப்பட்டதும் தயாரித்தவரின் தளத்தில் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள், இல்லையென்றால் இரண்டில் ஒன்றைக் கைவிடுங்கள்.

பென் டிரைவில் கைமாறும் தொகுப்புகளில் பல, காசு கொடுக்காமல் பயன்படுத்தப் பூட்டு உடைத்தவை, அவற்றோடு வைரஸும் வரலாம். அந்தத் தொகுப்பை முதலில் தூக்குங்கள். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டுமென்றால் பிளகின் எதுவுமே இல்லாமல் ரிசால்வில் உள்ள டைட்டில்களை வைத்தே முடித்துவிடுங்கள், மாப்பிள்ளை வீட்டார் மினுக்கத்தை எண்ணப்போவதில்லை.

கேள்வி: என் புராஜெக்டை மூதூரில் உள்ள நண்பரின் கம்ப்யூட்டரில் திறந்தால் எஃபெக்ட் எதையும் காணோம். ஏன்? (ஒரு வாசகி, கிண்ணியா)

பதில்: புராஜெக்டில் பிளகினின் பெயரும் நீங்கள் வைத்த அளவுகளும்தான் இருக்கும், பிளகின் இருக்காது. அவரும் அதே பதிப்பைப் போட வேண்டும். அல்லது எஃபெக்ட் உள்ள துண்டுகளை மட்டும் உங்கள் கம்ப்யூட்டரிலேயே ரெண்டர் செய்து வீடியோவாகக் கொடுத்துவிடுங்கள்.