கேள்வி - பதில்: பத்திரத்தில் இருப்பது எந்த ஆண்டு?

கேள்வி: தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தில் ‘௲௯௱௩௰௨௵ ஜூலை௴ ௰௫௳’ என்று எழுதியிருக்கிறது. ரோமன் எண்களைப் படிப்பதுபோல் கழித்துக் கூட்டினால் 1100 வருகிறது. சரியா?

பதில்: இல்லை, 1932. ரோமன் எண்ணில் பெரிய குறிக்கு முன்னால் சிறியது வந்தால் கழிக்க வேண்டும். சி என்றால் 100, அதற்கு முன் எக்ஸ் வந்தால் 90. தமிழ் எண்ணில் அதே இடத்தில் பெருக்க வேண்டும். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ஆகவே ௯௱ என்பது 900, ௩௰ என்பது 30. முன்னால் எதுவும் இல்லாத ௲ வெறும் ஆயிரம். கடைசி ௨-ஐயும் சேர்த்தால் 1932. வாயால் சொல்லும் வரிசையிலேயே எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பூஜ்யத்துக்கு இங்கே வேலையில்லை. 1908 என்பது ௲௯௱௮. இல்லாத பத்தை எழுதுவதே இல்லை. ௰௫ என்றால் 15, ௫௰ என்றால் 50; இதில்தான் பலரும் சறுக்குவார்கள். ௱௲ என்று கண்டால் பயப்பட வேண்டாம், நூறாயிரம், அதாவது லட்சம்.

௵ வருடம், ௴ மாதம், ௳ தேதி. இந்த ௳ கையெழுத்தில் ‘உ’ மாதிரியே இருக்கும். அதை ௨ என்று நினைத்தால் 15-ஆம் தேதி கெட்டுவிடும். ௧-உம் ௪-உம் (க, ச) மை மங்கிய தாளில் ஒன்றாகத் தெரியும். சந்தேகம் வந்தால் பக்கத்தில் தமிழ் வருடப் பெயர் இருக்கிறதா பாருங்கள். 1932 ஜூலை என்றால் ‘ஆங்கீரச’ என்று இருக்க வேண்டும். பெயரை மட்டும் நம்பினாலும் ஆபத்து: 60 ஆண்டுச் சுற்றில் 1872-உம் ஆங்கீரசதான். ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரையுள்ள தேதி என்றால் முந்தைய தமிழ் வருடப் பெயர்தான் இருக்கும்.

கேள்வி: அதே பத்திரத்தில் நில அளவுக்கு ‘௮வ’ என்று இருக்கிறது. எழுத்துப் பிழையா?

பதில்: பிழையில்லை. ‘வ’ என்பது கால். ௮வ என்றால் எட்டேகால். எட்டுக்கு ‘அ’, காலுக்கு ‘வ’. இரண்டும் சேர்ந்தால் ‘அவ’; அவலட்சணம் என்பதை மறைத்து ‘எட்டேகால் லட்சணம்’ என்று திட்டுவது இதை வைத்துத்தான். ஏக்கரா, மாவா, குழியா என்பதை அதே வரியில் முன்னும் பின்னும் தேடுங்கள். அலகு தெரியாமல் எட்டேகாலை வைத்து ஒன்றும் அளக்க முடியாது.