கைச்சக்கரத்தைக் கழற்றும் முன்: பட்டறை கேள்வி – பதில்

சிறிய மேசை மில்லிங் மெஷினை வீட்டிலேயே சி.என்.சி.யாக, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷினாக, மாற்றுவது பற்றிச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கேட்டவர்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது எக்ஸ் 2 வகை மெஷின். பதில்களும் அதை வைத்தே.

நெடுக்கில் 220, குறுக்கில் 100 மி.மீ. ஓடும் மில்லிங் மெஷின் வைத்திருக்கிறேன். மோட்டார், அதற்குக் கரன்ட் கொடுக்கும் டிரைவர், கட்டளை அனுப்பும் ஆர்டுயினோ போர்டு எல்லாம் சேர்ந்த கிட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கிப் பூட்டினால் போதுமா?
– வாசகர், காரைக்குடி

கிட் கொஞ்சம் காத்திருக்கட்டும். முதல் செலவு 0.01 மி.மீ. காட்டும் ஒரு டயல் கேஜும் அதற்கொரு காந்த ஸ்டாண்டும்தான். கைச்சக்கரத்தைத் திசை மாற்றிச் சுற்றும்போது சக்கரம் கொஞ்சம் சும்மா சுற்றிவிட்டுத்தான் டேபிள் நகரும். அந்த வெறும் சுற்றுதான் ஆட்டம். உங்கள் கைக்கு அது பழகிப்போயிருக்கும், கணக்குப் பார்த்துத் திருப்பிவிடுவீர்கள். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. அது மோட்டாரை நகர்த்தும் மின்துடிப்பை (பல்ஸ்) எண்ணி அனுப்பும், அவ்வளவுதான். டேபிள் நகர்ந்ததா என்று திரும்பிப் பார்க்காது.

ஸ்டாண்டை மெஷினின் அடிப்பாகத்தில் ஒட்டி, கேஜின் முனை டேபிளின் ஓரத்தைத் தொடும்படி வையுங்கள். சக்கரத்தை ஒரே திசையில் சுற்றி முள் நகர ஆரம்பித்ததும் கேஜைப் பூஜ்யமாக்கி, சக்கரத்தின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். முள் அசையும்வரை சக்கரம் எத்தனை கோடு கடந்ததோ அதுதான் மொத்த ஆட்டம். இந்த ரக மெஷினில் 0.1 முதல் 0.3 மி.மீ. வரை இருப்பது சாதாரணம்.

இந்த ஆட்டம் இரண்டு இடத்திலிருந்து வரும், அதைப் பிரித்துப் பார்க்காமல் காசு செலவழிக்கக் கூடாது. கேஜை ஸ்க்ரூவின் முனைமுகத்தில் வைத்து, சக்கரத்தைத் தொடாமல் டேபிளை இரண்டு கையாலும் தள்ளி இழுங்கள். முள் ஆடினால் ஸ்க்ரூவே அதன் பேரிங்கில் முன்னும் பின்னும் போகிறது என்று அர்த்தம். புது பால் ஸ்க்ரூ (மரைக்கும் நட்டுக்கும் நடுவே குண்டுகள் உருளும் ஸ்க்ரூ) போட்டாலும் இந்தப் பங்கு அப்படியே நிற்கும். முள் ஆடாமல் டேபிள் மட்டும் ஆடினால் குறை நட்டில்.

அடுத்து கிப், அதாவது டேபிள் சறுக்கும் வழியின் இடைவெளியை அடைக்கும் பட்டை. டேபிளைக் கழற்றி, பெட்டியில் வரும்போது பூசியிருக்கும் கிரீஸை மண்ணெண்ணெயால் கழுவுங்கள். வார்ப்பு மணல் ஒட்டியிருந்தால் அதோடு வந்துவிடும். டேபிள் சறுக்கும் சாய்ந்த பள்ளத்தின் (டவ்டெயில்) ஓரங்களில் பிசிறு இருந்தால் எண்ணெய்க் கல்லால் தேயுங்கள். மாட்டிய பிறகு கிப் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக, டேபிள் முழு நீளமும் ஒரே இழுவையோடு ஓடும் அளவுக்கு இறுக்குங்கள். நடுவில் லூஸ், ஓரங்களில் டைட் என்றால் நடுப்பகுதி தேய்ந்திருக்கிறது. ஓரம் சிக்காத அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒருமுறை 68 நம்பர் சிலைடுவே ஆயில் விடுங்கள். கிரீஸ் வேண்டாம். நம் ஊர்ச் செம்மண் தூசி அதில் குழைந்து உலோகத்தைத் தேய்க்கும் பொடி போல வேலை செய்யும்.

இத்தனையும் செய்த பிறகு பால் ஸ்க்ரூ. எல்லாரும் 1605 சொல்வார்கள். 16 மி.மீ. தடிமன், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு. ஆனால் அதன் நட்டின் உடல் 28, பிளாஞ்ச் (நட்டின் விளிம்புத் தட்டு) 48 மி.மீ. டேபிளைத் தாங்கும் சேடிலுக்கு அடியில் அத்தனை இடம் கிடையாது, வார்ப்பைக் குடைய வேண்டிவரும். 1204 எடுத்தால் உடல் 24, பிளாஞ்ச் 40, ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. இந்த மெஷினுக்கு எங்கள் தேர்வு இதுதான். ஸ்க்ரூவின் முனையைத் தாங்கும் பேரிங் பெட்டிக்கு பி.கே. 10. அதைப் பிரித்துப் பேரிங் நம்பரைப் பாருங்கள். மலிவு ரகத்தில், நீளவாக்கு அழுத்தத்தையும் தாங்கும் 7000 ஆங்குலர் பேரிங்குக்குப் பதில் அதே அளவுள்ள 6000 சாதா பேரிங்கை வைத்து அனுப்புகிறார்கள். 6000 போட்டால் நீளவாக்கில் ஆட்டம் மறுபடி வந்துவிடும். 7000 இரண்டு வாங்கி, எதிரெதிராகத் திருப்பிப் போட்டு, ஆட்டம் போகும் வரை மட்டும் அந்தப் பெட்டியின் முன்நட்டை இறுக்குங்கள்.

நட்டை ஸ்க்ரூவிலிருந்து வெறுமனே கழற்றிவிடாதீர்கள். உள்ளேயிருக்கும் குண்டுகள் தரையெல்லாம் உருளும். கழற்றியே ஆகவேண்டுமென்றால், மரையின் அடித்தடிமனுக்குச் சமமான ஒரு குழாயை ஸ்க்ரூ முனையோடு சேர்த்துப் பிடித்து நட்டை அதன்மேல் ஏற்றுங்கள்.

3டி பிரின்டரின் 12 வோல்ட் சப்ளை ஒன்று சும்மா கிடக்கிறது. நீமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டாருக்கு அதைப் பயன்படுத்தலாமா?
– வாசகர், தேவகோட்டை

மோட்டார் சுற்றும். ஆனால் வேகம் எடுத்ததும் வலு போய்விடும். ஸ்டெப்பர் மோட்டார் சிறு சிறு ஸ்டெப்பாகச் சுற்றுவது. அதன் சுருளில் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் கரன்ட் ஏறி இறங்க வேண்டும். வோல்ட் குறைவாக இருந்தால் கரன்ட் முழுதாக ஏறுவதற்குள் அடுத்த ஸ்டெப் வந்துவிடும். பட்டறையில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: சுருளின் தூண்டலைச் சொல்லும் மில்லி ஹென்றி அளவுக்கு வர்க்கமூலம் எடுத்து 32ஆல் பெருக்குவது. 1.3 மில்லி ஹென்றி மோட்டாருக்கு ஏறக்குறைய 36 வோல்ட் வரும். ஆகவே மோட்டார் வாங்கும்போது முறுக்கு வலுவைச் சொல்லும் நியூட்டன் மீட்டரை மட்டும் பார்க்காமல் மில்லி ஹென்றியையும் கேளுங்கள், குறைவாக இருப்பது நல்லது.

டேபிளுக்கு 2 நியூட்டன் மீட்டர் போதும், கட்டரைத் தாங்கி மேலும் கீழும் ஓடும் தலைக்கு 3 வையுங்கள். டிரைவர் டி.எம். 542 வகை. அதன் உச்சவரம்பு 50 வோல்ட். மோட்டார் சட்டென்று நிற்கும்போது கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பித் தள்ளும் என்பதால் 48 வோல்ட் சப்ளை வரம்பை ஒட்டிப் போய்விடும். 36 வோல்ட், 10 ஆம்பியர் வாங்குங்கள். 4 ஆம்பியர் மோட்டார் மூன்றுக்கு 12 ஆம்பியர் வேண்டாமா என்று கேட்பீர்கள். மூன்றும் ஒரே நேரத்தில் சப்ளையிலிருந்து முழுதும் இழுப்பதில்லை. மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 8 ஆம்பியர், போதும்.

1204 ஸ்க்ரூவில் கணக்கு இப்படி: மோட்டாருக்குச் சுற்றுக்கு 200 ஸ்டெப், டிரைவரில் ஒவ்வொரு ஸ்டெப்பையும் எட்டாகப் பிரித்தால் 1600 பல்ஸ். அதை 4ஆல் வகுத்தால் ஒரு மி.மீ.க்கு 400. ஆர்டுயினோவில் ஓடும் ஜி.ஆர்.பி.எல். மென்பொருளில் நெடுக்குக்கான $100, குறுக்குக்கான $101 இரண்டிலும் 400 போடுங்கள். நிமிடத்துக்கு 1500 மி.மீ. வேகத்தில் நொடிக்கு 10,000 பல்ஸ் ஆகும். ஆர்டுயினோ ஊனோ 30,000 வரை தாங்கும். மோட்டார் தொட முடியாத சூட்டில் இருப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். பவர் இருக்கும்போது மோட்டார் வயரை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள், டிரைவர் அந்த நொடியே போய்விடும்.

பழைய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. அதில் லினக்ஸ் சி.என்.சி. மென்பொருள் போடுவதா, ஆர்டுயினோவே போதுமா?
– வாசகர், புதுவயல்

பின்பக்கம் 25 ஊசி பேரலல் போர்ட் இருந்தால் லினக்ஸ் சி.என்.சி. போடுங்கள். இலவசம்தான். முதலில் அதிலுள்ள லேடன்சி டெஸ்டை (கம்ப்யூட்டரின் தாமதத்தை அளப்பது) ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். ஆட்டத்தை அளந்து எழுதிக் கொடுத்தால் திசை மாறும்போது அதுவே ஈடுசெய்யும், ஜி.ஆர்.பி.எல்.லில் அந்த வசதி இல்லை. யு.எஸ்.பி.யிலிருந்து பேரலலுக்கு மாற்றும் வயர் இதற்கு உதவாது.

பால் ஸ்க்ரூ மாற்றிய பிறகு, கரன்ட் போனால் தலை தானாகக் கீழே இறங்குகிறது. வைஸில் இருந்த வேலைத்துண்டில் கட்டர் குத்தி உடைந்தது. என்ன செய்வது?
– வாசகர், கானாடுகாத்தான்

பழைய ஸ்க்ரூவில் உராய்வு அதிகம், அதனால் தலையின் எடை அதைச் சுழற்ற முடியாது. பால் ஸ்க்ரூ உருண்டு ஓடுவது. எடை அழுத்தினாலே சுழன்றுவிடும். மோட்டாரில் கரன்ட் இருக்கும்வரை பிடித்துக்கொள்ளும், கரன்ட் போனதும் விட்டுவிடும்.

ஸ்க்ரூவை விடுவித்து, தலையைத் தொங்கு தராசில் மாட்டி எடை பாருங்கள். 12 கிலோ என்றால் ஏறக்குறைய 120 நியூட்டன். அந்த அளவுள்ள கேஸ் ஸ்ப்ரிங் (வாயு அழுத்தத்தால் தள்ளும் உருளை) ஒன்றைத் தலைக்கு அடியில், மேல்நோக்கித் தள்ளும்படி பொருத்துங்கள். கிணற்று ராட்டினம் போலக் கப்பி போட்டு எதிர் எடை கட்டலாம்தான், ஆனால் வேகமாக ஏறி இறங்கும்போது அந்த எடையும் சேர்ந்து குலுங்கும். கரன்ட் அடிக்கடி போகும் இடமென்றால், கரன்ட் போனதும் தானே கவ்விக்கொள்ளும் 24 வோல்ட் பிரேக் வைத்த மோட்டாரைத் தலைக்குப் போடுவது இன்னும் நிம்மதி.

ஒரு எச்சரிக்கை. தலைக்கு மட்டும் பழைய ஸ்க்ரூவையே வைத்திருப்பவர்கள் எடையை முழுக்கச் சமன் செய்யாதீர்கள். தலையின் பாரம்தான் நட்டை ஒரே பக்கம் அழுத்தி ஆட்டத்தை மறைத்து வைத்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் தலை மிதக்கும், ஆழம் தாறுமாறாகும்.

50 மி.மீ. வட்டம் வெட்டினால் வட்டமாக வருவதில்லை. எங்கே தவறு?
– வாசகர், பள்ளத்தூர்

வட்டத்தைக் கையில் எடுத்து எங்கே கெட்டிருக்கிறது என்று பாருங்கள், அதிலேயே விடை இருக்கிறது. கடிகாரத்தின் 12, 3, 6, 9 மணி இடங்களில் சிறு படியோ தட்டையோ தெரிந்தால் ஆட்டம். அந்த நான்கு இடத்தில்தான் ஏதாவதொரு டேபிள் திசை மாறுகிறது. நெடுக்கிலோ குறுக்கிலோ நீண்ட முட்டை வடிவம் என்றால் ஒரு பக்கத்தின் ஸ்டெப் கணக்குத் தவறு. மூலைவாட்டில் நீண்டிருந்தால் நெடுக்கும் குறுக்கும் 90 பாகையில் இல்லை. வட்டம் சரியாக இருந்தும் அடுத்த சுற்று தள்ளி விழுந்தால் மோட்டார் ஸ்டெப் இழக்கிறது. வேகத்தையும் முடுக்கத்தையும் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கையும் பாருங்கள். சுருள் வெட்டுப் போட்ட அலுமினியக் கப்ளிங் நீளவாக்கில் ஸ்ப்ரிங் மாதிரி இழுபடும், முறுக்கிலும் நெகிழும். நடுவில் ரப்பர் நட்சத்திரம் வைத்த ஸ்பைடர் கப்ளிங் இதற்குத் தேவலை.

எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாம் கட்டில் மெஷினை வைத்திருக்கிறேன். ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் தண்டு) போட்டதும், டேபிள் எல்லையைத் தொட்டால் நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச் அடித்ததாகச் சொல்லி மெஷின் நிற்கிறது. மெஷினைத் தொட்டால் சுருக்கென்கிறது.
– வாசகர், கோட்டையூர்

சுருக்கென்பதை முதலில் கவனியுங்கள். பழைய வீடுகளில் பல அறைகளுக்கு இரண்டு வயர்தான் போயிருக்கும், எர்த் இருக்காது. பவர் சப்ளைக்குள்ளே இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் ஒரு சிறு கசிவை உடம்புத் தகட்டுக்கு அனுப்புகின்றன. எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போகும். இல்லாவிட்டால் உங்கள் கைவழியாகப் போகும். எலக்ட்ரீஷியனை அழைத்து, தோட்டத்தில் கரியும் உப்பும் போட்டு எர்த் குழி எடுத்து, தனி வயர் இழுத்து, கசிவு வந்தால் கரன்டை அறுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போடுங்கள். எர்த்தை நியூட்ரலோடு முடிச்சுப் போடும் குறுக்குவழியை யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நியூட்ரல் வயர் எங்காவது அறுந்தால் மெஷின் முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும்.

அடுத்து ஸ்விட்ச். 5 வோல்ட்டில் ஓடும் நீண்ட வயர் ஆன்டெனா போல மின் இரைச்சலை வாங்கும். வயரை ஷீல்டு (உலோக உறை) வகையாக மாற்றி, ஷீல்டைக் கன்ட்ரோல் பெட்டிப் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். இரு பக்கமும் செய்தால் அதுவே இரைச்சலுக்குப் பாதையாகும். மோட்டார் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். ஒவ்வொரு உள்ளீட்டிலும் 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோ பாரட் கெப்பாசிட்டர் போட்டால் பாதித் தொல்லை தீரும். 24 வோல்ட்டில், சிக்னலை ஒளியால் கடத்தும் ஆப்டோ வழியாகக் கொண்டுவந்தால் முழுதும் தீரும். ஸ்விட்ச் சாதாரண நிலையில் மூடியிருக்கும் வகையாக இருக்கட்டும், வயர் அறுந்தால் மெஷின் நின்றுவிடும். சிவப்பு எமர்ஜென்சி பொத்தான் கான்டாக்டர் (மின்காந்த ஸ்விட்ச்) வழியாக மோட்டார் பவரையும் ஸ்பிண்டிலையும் நேராக அறுக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்வது மட்டும் போதாது.

ஆத்தங்குடிக் கல்லுக்கான (பூப்போட்ட தரை ஓடு) 10 அங்குல அச்சை இதில் வெட்ட முடியுமா?
– வாசகர், குன்றக்குடி

10 அங்குலம் என்றால் 254 மி.மீ. இந்த மெஷின் குறுக்கில் ஓடுவது அதில் பாதிகூட இல்லை. துண்டு துண்டாக வெட்டிப் பற்றவைத்தால் பூவின் கோடுகள் இணையும் இடத்தில் முறியும். அதற்குப் பாலம் போன்ற ரௌட்டர் வகை மெஷின்தான் சரி.

முறுக்கு பிழியும் உழக்குக்கு நட்சத்திர அச்சு வெட்ட வேண்டும். எந்தப் பித்தளை, எந்தக் கட்டர்?
– வாசகர், கண்டனூர்

லேத்துக்கென்று விற்கும் பித்தளை ராடு அருமையாக வெட்டும், சுருள் பொடிப்பொடியாக உதிரும். காரணம் அதில் ஏறக்குறைய 3 சதவீதம் ஈயம் கலந்திருக்கிறது. சாப்பாட்டுக்கான அச்சுக்கு அது வேண்டாம். 63 பங்கு செம்பும் 37 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளைத் தகடு 3 மி.மீ. வாங்குங்கள், அதில் வேண்டுமென்றே ஈயம் சேர்ப்பதில்லை. கொஞ்சம் ஒட்டும், கூரான புதுக் கட்டர் போட வேண்டும்.

நட்சத்திரத்தின் முனை எவ்வளவு கூராக வரும் என்பதைக் கட்டர்தான் தீர்மானிக்கும். 1 மி.மீ. கட்டரால் அரை மி.மீ. ஆரத்துக்குக் குறைவாக வெட்டவே முடியாது. மிச்சத்தை ஊசி அரத்தால் எடுங்கள். நடுவில் முதலில் டிரில் போட்டு, கட்டரை அந்த ஓட்டைக்குள் இறக்குங்கள். இத்தனை சிறிய கட்டர்கள் தகட்டுக்குள் நேராகக் குத்தும்போதுதான் அதிகம் உடைகின்றன.

உங்கள் ஸ்பிண்டில் 2500 சுற்று. இரண்டு பல் கட்டருக்குப் பல்லுக்கு 0.005 மி.மீ. என்றால் வேகம் நிமிடத்துக்கு 25 மி.மீ.தான். 6 மி.மீ. நட்சத்திரத்தின் சுற்றளவு 20 மி.மீ. என்று வைத்து, தடவைக்கு 0.1 மி.மீ. ஆழம் இறங்கினால் 30 தடவை, ஒரு ஓட்டைக்கு 24 நிமிடம். 10,000 சுற்றுள்ள சிறு ஸ்பிண்டிலைத் தலையில் ஒட்டினால் அது 6 நிமிடமாகும். கட்டரின் தள்ளாட்டத்தையும் கேஜில் பாருங்கள். 0.03 மி.மீ. இருந்தால் ஒரே பல்தான் மொத்த வெட்டையும் சுமக்கும், முறிந்துவிடும். கட்டரைக் கவ்வும் காலெட்டைத் துடைத்து, கட்டரைக் கால் சுற்றுத் திருப்பி மாட்டிப் பாருங்கள், பல நேரம் பாதியாகக் குறையும்.

தகட்டை இருபக்க டேப்பில் அலுமினியப் பலகைமேல் ஒட்டி, ஓட்டைகளை முதலிலும் வெளிவட்டத்தைக் கடைசியிலும் வெட்டுங்கள். உழக்கின் உள்விட்டத்தை வெர்னியரில் அளந்து, அச்சின் விட்டத்தை அதைவிட 0.3 மி.மீ. குறைத்துக்கொள்ளுங்கள். வெளிவட்டத்தில் மூன்று இடத்தில் 0.3 மி.மீ. தடிமனுக்கு வெட்டாமல் பாலம் விட்டால், கடைசிச் சுற்றில் தகடு எகிறாது. மாவு நுழையும் பக்கத்து ஓரத்தை மட்டும் லேசாகச் சரித்துவிடுங்கள். வெளிவரும் பக்கம் கூராகவே இருக்கட்டும், அங்கே உருண்டால் முறுக்கின் முள் மழுங்கிவிடும்.