அண்ணனின் ஆண்டும் தம்பியின் ஆண்டும்

அன்புள்ள ஐயா,

தக்கலைக்கு அருகில் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். என் அண்ணனும் ஆசிரியர்தான். அவர் 1989-இல் பணியில் சேர்ந்து 2024-இல் ஓய்வு பெற்றார். மாதாமாதம் ஓய்வூதியம் வருகிறது. 1996-இல் ஆசாரிபள்ளத்தில், மைனியின் வீட்டாருக்குப் பக்கத்தில், எட்டு சென்ட் வாங்கினார். இன்று அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ரப்பர் விளையில் தன் பங்கை 2011-இல், மகள் கல்யாணத்துக்காக, நல்ல விலைக்குக் கொடுத்தார். நான் 2004-இல் சேர்ந்து பங்களிப்பு ஓய்வூதியத்தில், அதாவது சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த பணத்தையே நம்பும் திட்டத்தில், அகப்பட்டேன். என் பங்கு விளையில் 2011-இல் புதுக் கன்று நட்டேன்; பால் வெட்டும் பருவம் வருமுன் ஒக்கிப் புயல் முறித்துப் போட்டது. 2014-இல் 20 லட்சம் கடனில் வீடு வாங்கினேன். தவணை 2034 வரை இருக்கிறது. "அவனுக்குப் புத்தி உண்டு, உனக்கு இல்லை" என்று அம்மா சொல்வதை இப்போது என் பிள்ளைகளும் சொல்கிறார்கள். 2033-இல் ஓய்வு. இனியாவது கையிலிருப்பதையும் ஓய்வின்போது வருவதையும் பரஸ்பர நிதியில் (மியூச்சுவல் ஃபண்டில்) போட்டு அண்ணனை எட்டிப்பிடிக்க முடியுமா? பெயர் வேண்டாம்.

ஒரு வாசகர், தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் பணத்தைப் பற்றிய கேள்வி ஒன்றுதான். மற்றதெல்லாம் உங்கள் புத்தியின்மீது குடும்பம் சொன்ன தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்களுக்குப் புத்தியில்லை என்று நீங்களே நம்பிவிட்டால், அந்த மனநிலையில் 2033-இல் எடுக்கப்போகும் முடிவு தவறாகத்தான் அமையும்.

தமிழ்நாட்டு அரசுப் பணியில் 2003 ஏப்ரல் 1 அன்றும் அதற்குப் பின்னும் சேர்ந்தவர்களுக்கே பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. அதற்கு முன் சேர்ந்த அண்ணன் அந்தத் தேதியைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் பிறந்த ஆண்டு அவருக்காகத் தேர்ந்தெடுத்தது. நீங்கள் பணியில் இருக்கும்போதே இந்த விதிகள் மாறலாம். அப்படி மாறி உங்களுக்கு நன்மை வந்தால், அதையும் உங்கள் சாமர்த்தியத்தின் கணக்கில் எழுத முடியாது.

அவர் ஓய்வு பெற்ற விதத்தையும் பாருங்கள். 58 வயதில், 2022-இல் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர். ஓய்வு வயதை 2020 மே மாதம் 59 ஆகவும், அடுத்த ஆண்டு 60 ஆகவும் அரசு உயர்த்தியது. 2020 ஏப்ரல் 30 அன்று ஓய்வு பெற்ற ஓர் அலுவலகப் பணியாளருக்கும் மே 31 அன்று ஓய்வு பெறவிருந்தவருக்கும் இடையில் இருந்தது ஒரு மாதம். கிடைத்த வித்தியாசம் இரண்டு ஆண்டுச் சம்பளம். மேலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் உச்சவரம்பு 2023 ஏப்ரலில் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்ந்தது, வட்டியும் 8.2 சதவீதமானது. 2024-இல் ஓய்வுப் பணம் வாங்கியவருக்கு இரண்டும் தயாராகக் காத்திருந்தன. 2021-இல் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் 15 லட்சம் போட்டபோது வட்டி 7.4 சதவீதம், அதாவது மூன்று மாதத்துக்கு 27,750 ரூபாய். அதே தொகைக்கு 2023-இல் 30,750. ஐந்தாண்டுக்கு வட்டி மாறாது என்பதால் அவர் அந்த ஆண்டோடு கட்டுண்டார். முழுவதுமாக அல்ல: இரண்டு ஆண்டு முடிந்தபின் ஒரு சதவீதம், அதாவது 15,000 ரூபாய் விட்டுக்கொடுத்துக் கணக்கை முடித்துப் புதிதாகத் தொடங்கியிருந்தால், ஆண்டுக்கு 12,000 கூடுதலாகக் கிடைத்து, பதினைந்து மாதத்தில் அந்த இழப்பு அடைபட்டிருக்கும். அதிர்ஷ்டம் முடிகிற இடமும் கவனம் தொடங்குகிற இடமும் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

விளைக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் என் மனதை அதிகம் தொட்டது அதுதான். 2011-இல் ரப்பர் கிலோ 240 ரூபாயைத் தொட்டது. நம் மாவட்டத்தின் மலையோரத்தில் நிலம் வைத்திருந்தவர்கள் வாழையையும் மரச்சீனியையும் அகற்றிவிட்டுக் கன்று நட்ட காலம் அது. கன்று பால் தர ஏறக்குறைய ஏழு ஆண்டு ஆகும் என்பதால், நடுகிறவர் அன்றைய விலையைப் பார்த்து ஏழு ஆண்டுக்குப் பிந்தைய சந்தைக்குப் பணம் கட்டுகிறார். 2016 தொடக்கத்தில் விலை நூறு ரூபாய்க்குக் கீழே போனது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி வந்தது. இவற்றில் எதை நீங்கள் 2011-இல் அறிந்திருக்க முடியும்? அண்ணனும் அறிந்திருக்கவில்லை. அவர் விற்றது விலை விழும் என்று கணித்து அல்ல, மகளின் கல்யாணத் தேதி வந்ததால் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண் ஐந்து வயது இளையவளாக இருந்திருந்தால், 2016-இல் நூறு ரூபாய் ரப்பரின் காலத்தில் விற்றிருப்பார், புத்தியற்றவர் என்ற பெயரும் அவருக்கு வந்திருக்கும். ஆசாரிபள்ளத்தில் நிலம் வாங்கியதும் மைனியின் வீட்டாருக்கு அருகில் இருப்பதற்காகத்தான்; அங்கே மருத்துவக் கல்லூரி 2001-இல் வந்தது.

நம் ஊர்ப் பேச்சில் சென்ட் சில ஆயிரத்துக்கு வாங்கியவரின் கதை மட்டுமே திரும்பத் திரும்ப வருகிறது. அங்கீகாரமில்லாத மனையை வாங்கி, 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தபோது, மகளின் படிப்புக்காக விற்க முடியாமல் நின்றவர்கள் தம் கதையைச் சொல்வதில்லை. தடைக்கு ஒரு மாதம் முன்பு விற்று முடித்தவரும் சொல்வதில்லை, தப்பித்தது அவருக்கே தெரியாது.

இனி 2033. பரஸ்பர நிதி கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓய்வுப் பணம் முழுவதையும் ஒரே நாளில் அதில் போட்டு, அதிலிருந்தே செலவுக்கு எடுப்பவருக்குச் சராசரி லாபத்தைவிட லாப நட்டம் வரும் வரிசை முக்கியம். ஒரு கணக்குப் போடுகிறேன். 20 லட்சம் போடுகிறீர்கள், ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் 2 லட்சம் எடுக்கிறீர்கள். முதல் ஆண்டு 30 சதவீதம் இறக்கம், அடுத்து 10 சதவீதம் ஏற்றம், அடுத்து 30 சதவீதம் ஏற்றம் என்றால் மூன்றாண்டு முடிவில் 12.56 லட்சம் மிஞ்சும். இதே மூன்று ஆண்டுகள் தலைகீழாக, ஏற்றம் முதலிலும் இறக்கம் கடைசியிலும் வந்தால் 15.08 லட்சம் மிஞ்சும். எதையும் எடுக்காமல் வைத்திருந்தால் இரண்டு வரிசையிலும் ஒரே தொகைதான். 2008 ஜனவரியில் 21,000 வரை போன பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2009 மார்ச்சில் எட்டாயிரத்துச் சொச்சத்தில் நின்றது என்பதை வைத்துப் பார்த்தால், நான் போட்ட 30 சதவீதம் மிகையல்ல. 2033 எந்த வகை ஆண்டாக இருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆகவே அண்ணனை எட்டிப்பிடிப்பதற்காக அதைச் செய்ய வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். பங்குச் சந்தைக்கு ஒரு பகுதி போகட்டும், அதையும் இப்போதிருந்து மாதாமாதம் போடுங்கள். ஓய்வுக்குப் பின் மூன்று ஆண்டுச் செலவுக்கானதை வங்கியின் நிலை வைப்பில், வெவ்வேறு ஆண்டுகளில் முதிரும்படி பிரித்துப் போடுங்கள். எல்லாம் ஒரே ஆண்டின் வட்டியில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

வீட்டுக் கடன்தான் அவசரமானது. 2014-இல் கடன் வட்டி பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தது. 20 லட்சத்துக்கு இருபது ஆண்டில் 10.15 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 19,500. 2021-இல் 7 சதவீதத்தில் வாங்கியவருக்கு சுமார் 15,500. (அவரும் நிம்மதியாக இல்லை. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 6.5-க்கு ஏறியபோது அவருடைய வட்டியும் ஏறியது.) 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டன. உங்களுடைய பழைய கடன் தானாக அதற்கு மாறியிருக்காது. கேட்டவர்களுக்கே மாற்றித் தருகிறார்கள், அதற்குச் சிறு கட்டணம் உண்டு. கிளைக்குப் போய்க் கடன் கணக்கின் அறிக்கையை வாங்கி, இன்றும் எந்த அளவுகோலில் வட்டி போடுகிறார்கள் என்று பாருங்கள். வட்டி குறைந்தால் தவணையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். அதே தவணையைக் கட்டிக் காலத்தைக் குறையுங்கள். கடன் 2034-இல் முடிகிறது, சம்பளம் 2033-இல் நிற்கிறது. உங்கள் கணக்கிலுள்ள தேதிகளில் உங்களால் நகர்த்த முடிந்தது இந்த 2034 ஒன்றுதான். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்கத் தனிநபரிடம் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. யாராவது கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள்.