கொட்டகைக்கு எத்தனை தோங், கொல்லைக்கு எத்தனை தோங்?

கேள்வி: வணக்கம் ஐயா. மலேசியாவில் கெடா மாநிலம், பீடோங் பக்கம் பழைய தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டில் ஐந்து பேர். கறவை மாடு இரண்டு, இரண்டு மாதக் கன்று ஒன்று, ஆடு ஒன்பது. பொங்கலுக்குப் பிறகு சொட்டு மழை இல்லை. பைப்பில் ஒருநாள் விட்டு ஒருநாள் ராத்திரியில்தான் தண்ணீர் வருகிறது. ஐந்து நீலத் தோங்கில் (பெரிய பீப்பாயில்) பிடித்து வைக்கிறோம். புல் காய்ந்துவிட்டதால் மாட்டுக்கு வைக்கோல் போடுகிறேன். காலையில் ஒரு வாளி, சாயந்தரம் ஒரு வாளி தண்ணீர் காட்டுகிறேன். எட்டு லிட்டர் கறந்த கலப்பு மாடு இப்போது ஐந்துதான் கறக்கிறது. உப்பு வைத்தால் பால் கூடும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். வைத்தும் கூடவில்லை. ஆட்டுக்கு மரவள்ளித் தழை ஒடித்துப் போடுகிறேன். கொல்லையில் கத்தரி, மிளகாய், முருங்கை, வாழை இருக்கின்றன. துணி துவைத்த தண்ணீரை ஊற்றியும் கறிவேப்பிலை மஞ்சளாகிறது. லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் மூடிக் கிடக்கும் பழைய கிணற்றைத் தூர் வாரலாமா? முதலில் எதைச் செய்வது?

பதில்: அம்மா, போகிற போக்கில் மரவள்ளித் தழையைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைத்தான் நிறுத்த வேண்டும். இன்று சாயந்தரமே நிறுத்துங்கள். மரவள்ளித் தழையில் சயனைடு நஞ்சாக மாறும் பொருள் இயல்பாகவே உண்டு. வறட்சியில் வாடும் செடியில் அது கூடும், கொழுந்தில் இன்னும் கூடும். பசித்த ஆடு வெறும் வயிற்றில் பச்சைத் தழையை அள்ளித் தின்றால் வாயில் நுரை தள்ளும், மூச்சு வாங்கும், கால் தள்ளாடும், ஈறு பளிச்சென்று சிவந்திருக்கும். சில நேரம் அரை மணி நேரம்கூடத் தாங்காது. அப்படி ஏதாவது தெரிந்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே கால்நடை இலாகாவைக் கூப்பிடுங்கள். இதை முறிக்க அவர்களிடம் ஊசி மருந்து உண்டு. தழையை விட்டால் வேறு வழியே இல்லை என்றால், பொடியாக நறுக்கி வெயிலில் பரப்பி, இரண்டு நாள் நன்றாகக் காய்ந்த பிறகு, மற்ற தீனியோடு கொஞ்சமாகக் கலந்து கொடுங்கள். நறுக்கிக் காய வைக்கும்போது நஞ்சின் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். அதைவிட வேலியோரத்து முருங்கைத் தழை நல்லது. முருங்கைக்கு இந்த வெயில் ஒரு பொருட்டே இல்லை.

இனி மாட்டுக்கு வருவோம். பால் குறைந்ததற்கு நோய் எதுவும் காரணமாகத் தெரியவில்லை. தாகம்தான் காரணம். நீங்கள் கொடுக்கும் தண்ணீர் குறைந்தது உங்களுக்குத் தெரிகிறது. ஆனால் தீனி மாறியபோது இன்னொரு தண்ணீரும் சேர்ந்து நின்றுபோயிற்று. பச்சை நேப்பியர் புல்லில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர். முப்பது கிலோ புல் தின்ற மாடு, வாளியில் வாய் வைக்காமலே சுமார் 24 லிட்டர் தண்ணீரைப் புல்லிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தது. வைக்கோலில் அது கிடையாது. போதாததற்கு, காய்ந்த தீனியைச் செரிக்கவே கூடுதல் தண்ணீர் வேண்டும். பைப்பில் தண்ணீர் குறைந்த அதே நேரத்தில்தான் மாட்டின் தேவையும் ஏறியிருக்கிறது. இரண்டு வாளி என்றால் முப்பது லிட்டர் இருக்கும். எட்டு லிட்டர் கறக்கும் கலப்பு மாட்டுக்கு இந்த வெயிலில் எண்பது லிட்டர் வரை வேண்டும், நாட்டு மாட்டுக்கு அறுபது. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தானே, அம்மா. உள்ளே போகாத தண்ணீர் மடிக்கு எங்கிருந்து வரும்?

உப்பு வைக்கச் சொன்ன அண்ணன் தப்பாகச் சொல்லவில்லை. தண்ணீர் தாராளமாக இருக்கும் காலத்தில் உப்பு நல்லது. மாடு நிறையக் குடிக்கும், பாலும் வரும். குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது அதே உப்பு மாட்டுக்குத் தண்டனையாகிவிடும். மழை வரும்வரை உப்பை எடுத்துவிடுங்கள். புண்ணாக்கையும் கொஞ்சம் குறையுங்கள். அந்த இடத்தில் வாழைத்தண்டு போடுங்கள். குலை வெட்டிய மரத்தை வீணாக்க வேண்டாம். தண்டில் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். மெல்லியதாகச் சீவி, ஒரு மாட்டுக்கு நாளுக்குப் பத்து கிலோ வைக்கோலோடு கலந்து போட்டால், ஒன்பது லிட்டர் தண்ணீரை மாடு தின்றே எடுத்துக்கொள்ளும். அதில் சத்து குறைவு, அதனால் அதை மட்டும் போட்டு வயிற்றை நிரப்பிவிடாதீர்கள். செம்பனை (எண்ணெய்ப்பனை) மட்டையை நறுக்கிப் போடுவதும் நம் நாட்டில் பழக்கத்தில் உள்ளதுதான். தோட்டத்தில் வெட்டிய அன்றே பச்சையாகக் கொண்டுவாருங்கள். ஆனால் மருந்து அடித்த நிரையிலிருந்து எடுக்க வேண்டாம். எங்கே, எப்போது மருந்து அடித்தார்கள் என்று மண்டோரை (தோட்டத்து மேற்பார்வையாளரை)க் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

நம் பாட்டிமார் அரிசி கழுவிய தண்ணீரையும் வடித்த கஞ்சியையும் ஒரு சட்டியில் சேர்த்துக் கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள். லயத்து வீடு ஒவ்வொன்றின் பின்வாசலிலும் கழுநீர்ச் சட்டி இருந்ததை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ரைஸ் குக்கர் வந்ததோடு அந்தச் சட்டி போய்விட்டது. மறுபடி வையுங்கள். ஐந்து பேர் சமைக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு ஆறேழு லிட்டர் தேறும். சோறு அதிகம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோறு நிறையப் போனால் வயிறு புளித்து மாடு படுத்துவிடும்.

இப்போது தோங்கை எண்ணுவோம். ஒரு தோங் இருநூறு லிட்டர், ஐந்துக்கு ஆயிரம். இது இரண்டு நாளைக்கு. குடிக்க, சமைக்க நாளுக்கு 40 லிட்டர். குளிக்க, பாத்திரம் கழுவ, கழிவறைக்கு ஆளுக்கு முப்பது என்று 150. மாடு இரண்டுக்கும் 140, கன்றுக்கு 10, ஆடுகளுக்குத் தலைக்கு ஐந்து வீதம் 45. கூட்டினால் 385, இரண்டு நாளைக்கு 770. மிச்சம் 230 லிட்டர். துணி துவைக்க அது போதும். பார்த்தீர்களா, மாட்டுக்கு வயிறு நிறையக் கொடுத்தும் கணக்கு இடிக்கவில்லை. இடிக்கும் இடம் வேறு. கொட்டகையை ஹோஸ் பிடித்துக் கழுவுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கழுவினால் ஒரு தோங் அதிலேயே போயிருக்கும். இனி சாணத்தை மண்வெட்டியால் வழித்துத் தென்னை ஓலைத் துடைப்பத்தால் பெருக்கினால் போதும். மடியை மட்டும் குடிக்கிற தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள், மாட்டுக்கு ஒரு துணி. கறவைச் சட்டியை வெந்நீரில் கழுவுவதில் சிக்கனம் பார்க்காதீர்கள். பால் கெட்டால் குடிப்பது நம் பிள்ளைகள்தானே.

தண்ணீரை எப்போது, எப்படிக் கொடுப்பது என்பதும் முக்கியம். வெயிலில் கிடக்கும் கறுப்பு பைப்பிலிருந்து வரும் சுடுதண்ணீரை மாடு முகர்ந்துவிட்டு விலகிவிடும். தொட்டியை நிழலுக்கு மாற்றுங்கள். ராத்திரி பிடித்த தண்ணீர் விடியற்காலையில் குளிர்ந்திருக்கும். கறந்து முடித்ததும் அதை வயிறாரக் காட்டுங்கள். மத்தியானம் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை. வைக்கோலை மாலை ஆறு மணிக்கு மேல் போடுங்கள். தீனி செரிக்கும்போது உடம்பில் ஏறும் சூடு ராத்திரியில் தணிந்துவிடும். மத்தியானத்தில் மாட்டின் விலா எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். எண்பதுக்கு மேல் போனால் மாடு சூட்டில் தவிக்கிறது என்று அர்த்தம். சாக்கை நனைத்து முதுகில் போட்டு, காற்றோட்டத்தில் கட்டுங்கள்.

கன்று விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும், அது என் மனதில் இன்றும் உறுத்துகிறது. தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில், ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் காணாத கன்றுக்கு, இரக்கப்பட்டு நானே ஒரு பெரிய வாளி நிறைய வைத்தேன். மூச்சு விடாமல் குடித்தது. கொஞ்ச நேரத்தில் மூத்திரம் சிவப்பாகப் போனது, நடுங்கியது, படுத்துவிட்டது. காய்ந்து கிடந்த உடம்பில் தண்ணீர் ஒரேயடியாகப் புகுந்தால் ரத்த அணுக்கள் உடைந்துவிடும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதனால் தாகத்தில் இருக்கும் கன்றுக்கு ஒரு லிட்டர் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து இன்னொரு லிட்டர் என்று கொடுங்கள். தண்ணீரைக் காயப்போடாமல் இருப்பது அதைவிட நல்லது.

கொல்லைக்கு நல்ல தண்ணீர் ஒரு வாளிகூட வேண்டாம். குளித்த தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் போகட்டும், சோப்பை அவை தாங்கும். சோப்புத்தூள் கரைந்த துவைத்த தண்ணீரைத்தான் கறிவேப்பிலை தாங்கவில்லை. அந்தத் தூளில் உள்ள சோடியம் மண்ணில் உப்பாகத் தங்கி வேரைச் சுடுகிறது, இலை மஞ்சளாகி நுனி கருகுகிறது. துவைத்த தண்ணீரைக் கழிவறைக்கு ஊற்றுங்கள். கறிவேப்பிலைக்குக் காய்கறி அலசிய தண்ணீர் போதும். கத்தரியை ஓர் அடி உயரத்தில் வெட்டிவிடுங்கள். மனது வலிக்கும், ஆனால் இலை குறைந்தால் தாகம் குறையும், மழை விழுந்ததும் அடியிலிருந்து துளிர்க்கும். மிளகாய்ப் பாத்தியில் ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். பானைச் சுவர் வழியாகத் தண்ணீர் கசிந்து வேருக்குப் போகும், வெயில் குடிக்காது. பொங்கல் வைத்த பானை இருக்கிறதே என்று அதைப் புதைக்காதீர்கள். பொங்கிய பாலும் கரியும் நுண்துளைகளை அடைத்திருக்கும், கசியாது. அடியில் சின்ன ஓட்டை போட்டு, பருத்தித் துணியைத் திரித்துச் செருகினால் அந்தப் பானையும் உதவும். தரையை மூட, ஆலையில் பழம் எடுத்த பிறகு கிடைக்கும் செம்பனை வெற்றுக்குலையை ஒரே வரிசையாகப் பரப்புங்கள். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகி, பிறகு உங்கள் தென்னையின் குருத்தில் துளை போடும். சருகைக் கொளுத்த வேண்டாம். திறந்தவெளி எரிப்பு இங்கே சட்டப்படி குற்றம், இந்த வறட்சியில் ஒரு பொறி போதும் தோட்டமே பற்றிக்கொள்ள.

தோங்கெல்லாம் மூடியிருக்கிறதா? மழையே இல்லாத மாதத்தில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நம் தோங்தான் வீடு. மூடி இல்லையென்றால் கொசுவலைத் துணியை ரப்பர் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். தோங் காலியானதும் உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும்.

கிணற்றில் யாரும் இறங்க வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. பல வருடம் மூடிக் கிடந்த கிணற்றின் அடியில் கெட்ட காற்று தேங்கியிருக்கும். இறங்கியவர் குரல் கொடுக்கும் முன்னே மயங்கி விழுவார், தூக்கப் போகிறவரும் விழுவார். பெட்ரோல் பம்பை உள்ளே இறக்கி ஓட்டுவது அதைவிட மோசம். தூர் வாருவதை அந்த வேலை தெரிந்த ஆட்களிடம், கருவியோடு வருகிறவர்களிடம் விடுங்கள். தண்ணீர் கண்டாலும் பரிசோதிக்கும்வரை அது செடிக்கு மட்டும்தான்.

ஆடு ஒன்பதில் கிடா எத்தனை? மூன்று நான்கு இருந்தால், உடம்போடு இருக்கும் இந்த வாரத்திலேயே இரண்டை விற்றுவிடுங்கள். எலும்பு தெரிந்த பிறகு பாதி விலைதான் கேட்பார்கள். தாய் ஆடுகளுக்கு அந்தத் தண்ணீரும் தழையும் மிஞ்சும்.

கிழக்குக் கரைக்கு மழை கொட்டும் பருவக்காற்று தித்திவாங்சா மலையைத் தாண்டி நம் பக்கம் வரும்போது காய்ந்துவிடுகிறது. அதனால் கெடாவில் ஜனவரியும் பிப்ரவரியும் எப்போதும் இப்படித்தான். கடல் சூடேறி நம் பக்கம் மழை குறையும் எல் நினோ வருடமாக இருந்தால் ஏப்ரல் வரை இழுக்கும். 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 பாகை வெயில் அடித்தது, நம் நாட்டில் பதிவான உச்சம் அதுதான். ஆகவே ஜெராய் மலை மேல் மேகம் உட்கார்ந்துவிட்டது என்று தோங்கைக் காலி பண்ணிவிடாதீர்கள். அதற்குள் கூரைக்கு ஒரு பீலி (மழைநீர் வடியும் தகரக் கால்வாய்) கட்டிவிடுங்கள். இருபது அடிக்கு முப்பது அடி சிங்க் கூரையில் பத்து மில்லிமீட்டர் மழை விழுந்தால், சிந்தியது போக 450 லிட்டர் தேறும், இரண்டு தோங் நிரம்பி வழியும். முதல் பத்து நிமிட மழை கூரைத் தூசியைக் கழுவிக்கொண்டு வரும், அதைக் கொல்லைக்கு விட்டுவிட்டுப் பிறகு தோங்கைத் திருப்புங்கள். மழை விழுந்த கையோடு ஆட்டை மேய்ச்சலுக்கு ஓட்டாதீர்கள். மழைக்குப் பிறகு சில புல்லில் வரும் இளந்துளிரில்தான் அந்தச் சயனைடு நஞ்சு அதிகம். ஒரு பத்து நாள் புல் முற்றட்டும்.

இன்று முதல் காலைப் பாலையும் மாலைப் பாலையும் தனித்தனியாக அளந்து காலண்டரில் குறித்து வாருங்கள். தண்ணீரை ஏற்றிய நான்கைந்து நாளில் அளவு ஏறத் தொடங்க வேண்டும். ஒரு வாரம் ஆகியும் ஏறவில்லை, அல்லது மடி கல்லாக இருக்கிறது, பாலில் திரி வருகிறது என்றால் அது வேறு கோளாறு. அந்தக் குறிப்போடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.